வசந்தாக்காவும் தட்டு கழுவும் ரயிலும்

முதலாளி அந்தத் தட்டை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கிளம்பி, தோசைக்கல்லைத் தாண்டி, மாவு அரைக்கும் இடத்தைத் தாண்டி, ஈரத் தரையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பின்கட்டுக்கு வந்தார். வந்தவர் தட்டை வசந்தாக்காவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

எவர்சில்வர் டிபன் தட்டு. விளிம்பில் காய்ந்துபோன சட்னி ஒட்டிக்கொண்டிருந்தது. சட்னியின் நடுவில் ஒரே ஒரு கடுகு.

"இது இன்னாம்மா?"

வசந்தாக்கா உற்றுப் பார்த்தார். "கடுகுங்க."

"கடுகுன்னு எனக்குத் தெரியாதா? கர்னூல்ல இருந்து கல்யாணப் பொடவை எடுக்க வந்த பார்ட்டி. கூடத்துல எல்லாரும் பாக்க தட்ட இப்படித் தூக்கிக் காட்டுறாரு. ஒரு வாரமா இதே பேஜாரா போச்சி."

மிஷினுக்குப் பக்கத்தில், கையில் ஸ்பேனருடன், நான் நின்றிருந்தேன். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"குமரேசா, நீ சொல்லு. கோளாறு மிஷின்லயா, ஆள்கிட்டயா?"

அன்று நான் சொன்ன பதிலை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் அதற்கு வருவேன். உடனே சொல்லிவிட வெட்கமாக இருக்கிறது.

லாரியில் வந்த ரயில்

தொண்ணூறுகளின் கடைசி. ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சைவ ஓட்டலில் முகூர்த்த மாதங்களில் உட்கார இடம் கிடைக்காது. பட்டு எடுக்க ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். பாட்டி முதல் பச்சைக் குழந்தை வரை ஒரு குடும்பமே வரும். புடவை பார்ப்பதற்கு முன்னால் நாஷ்டா, பார்த்து முடித்ததும் சாப்பாடு, பேரம் படிந்தால் இனிப்போடு ஒரு டிபன்.

தட்டுதான் போதவில்லை. பின்கட்டில் நான்கு பெண்கள் குனிந்த தலை நிமிராமல் கழுவியும், சர்வர்கள் வந்து "தட்டு, தட்டு" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் தன் பழைய தட்டு கழுவும் மிஷினை மாற்றியது. நான் மெக்கானிக்காக இருந்த கம்பெனி அதை வாங்கிப் பழுது பார்த்து ஆரணி முதலாளிக்கு விற்றது. லாரியில் கொண்டுபோய் நிறுத்தும் வேலை எனக்கு. ஆரணிக்காரன் என்பதால் ஆரணி, வேலூர், ராணிப்பேட்டை பக்கமெல்லாம் என் தலையில்தான்.

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, "நீங்கள் பாட்டுக்கு மிஷின் மிஷின் என்கிறீர்கள், அது தட்டை எப்படித்தான் கழுவும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒரு நீளமான எவர்சில்வர் பெட்டி, இடுப்பு உயரம் இருக்கும். இரண்டு பக்கமும் வாசல். வாசல்களில் ரப்பர் பட்டைகளால் ஆன படுதா தொங்கும். தட்டுகளைப் பிளாஸ்டிக் கூடையில் நிற்க வைத்து ஒரு பக்கம் தள்ளினால், அடியில் ஓடும் சங்கிலி கூடையை மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். உள்ளே மேலும் கீழும் குழாய்கள். அவற்றின் துளைகளிலிருந்து சோப்பு கலந்த சுடுநீர் பீய்ச்சி அடிக்கும். கடைசியில் கொதிக்கக் கொதிக்க நல்ல தண்ணீர். மறு பக்கம் கூடை வெளியே வரும்போது தட்டைத் தொட முடியாது, அவ்வளவு சூடு. துணியே வேண்டாம், நின்ற இடத்தில் காய்ந்துவிடும்.

முதல் நாள் அதை ஓட்டிக் காட்டியபோது நான்கு பெண்களும் தள்ளியே நின்றார்கள். முதல் கூடை படுதாவை விலக்கி உள்ளே போனதும் ஒருவர் சொன்னார்: "இது கொகைக்குள்ள ரயிலு போற மாதிரியே கீது."

அன்றிலிருந்து அதன் பெயர் ரயில். "ரயிலு நின்னு போச்சி", "ரயிலுக்குத் தண்ணி காட்டு", "ரயிலுல கூட்டம்" என்றே பேசுவார்கள். கம்பெனிக்கு நான் எழுதும் ரிப்போர்ட்டில்கூட ஒருமுறை கை தவறி ரயில் என்று எழுதி, மேனேஜரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பெண்களில் மூத்தவர் வசந்தாக்கா. அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார். கணவர் களம்பூரில் ரைஸ் மில் ஆள். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். மிஷினைப் பார்த்து முதலில் பயம் தெளிந்தவர் அவர்தான். வடிகட்டியை ஒரு நாளைக்கு எத்தனை முறை எடுத்துக் கழுவ வேண்டும் என்று நான் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. கறிவேப்பிலை சேர்ந்தால் தண்ணீர் வாசனையே மாறிவிடும் என்பார். நான் முகர்ந்து பார்ப்பேன், எனக்கு எப்போதும் சோப்பு வாசனைதான் வரும்.

என் உத்தியோகத்தைப் பற்றி

இந்த வேலையை வெளியில் சொல்லிக்கொள்வது அந்தக் காலத்தில் சுலபமாக இல்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பட்டுத் தறி. ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சென்னைக்குப் போனவன் எதைப் பழுது பார்க்கிறான் என்று யார் கேட்டாலும் என் அம்மா, "மிஷினு" என்று நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் கேட்டால், "பெரிய மிஷினு."

படவேட்டில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்த உத்தி பலிக்கவில்லை. ரேணுகாம்பாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராகப் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா விவசாயி. பம்ப்செட்டைத் தானே பிரித்து மாட்டுகிறவர். விடாமல் கேட்டார்.

"மிஷினுன்னா இன்னா மிஷினுங்க?"

"ஓட்டலுக்குப் போடுறதுங்க," என்றேன்.

"கிரைண்டரா?"

"இல்லிங்க. தட்டு கழுவுறது."

கேசரியை நீட்டிக்கொண்டிருந்த ஒரு அத்தையின் கை அப்படியே நின்றது. அந்த அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப கல்யாணம் ஆனா வூட்ல பாத்திரம் யாரு கழுவறது?" என்று கேட்டார்.

பதற்றத்தில் நான், "நான்தாங்க," என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படித்தான் மல்லிகா எனக்கு மனைவியானாள். சபையில் சொன்ன சொல்லை அவள் இன்றுவரை மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை.

புது பம்ப்பு

ரயில் நன்றாகத்தான் ஓடியது. ஒன்றரை வருடம் போல ஓடிய பிறகு கூட்டம் இன்னும் கூடியது. பழைய பம்ப்பின் வேகம் போதவில்லை. பெரிய பம்ப்பு போடலாம், தண்ணீரை மென்மையாக்கும் தொட்டியும் வைக்கலாம் என்று கம்பெனியில் சொன்னோம். ஆரணியின் போர்வெல் தண்ணீர் குழாய்த் துளைகளில் சுண்ணாம்பாகப் படிந்துகொண்டே இருந்தது. அந்தத் தொட்டிக்கு அவ்வப்போது கல்லுப்பு போட வேண்டும் என்று நான் சொன்னதும் சரக்கு மாஸ்டர் அடுப்பை விட்டு எழுந்து வந்து, "சாம்பாருக்கே உப்ப அளந்துதான் குடுக்கறாங்க, மிஷினுக்கு மூட்டையா?" என்று கேட்டது தனிக் கதை.

ஒரு மத்தியானம் இரண்டு வேலையையும் முடித்தேன். பம்ப்பை மாட்டி, மூன்று வயர்களையும் இணைத்து, சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் அடித்தது. கூடை போனது, வந்தது. டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு சென்னை பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாளிலிருந்து தட்டில் சட்னி.

வசந்தாக்காவும் மற்றவர்களும் இரண்டு முறை ரயிலில் விட்டுப் பார்த்தார்கள். பிறகு கையால் தேய்த்துவிட்டு ரயிலில் விட்டார்கள். கூட்ட நேரத்தில் அதற்கு நேரம் கிடைக்காது. ஆறாவது நாள் முதலாளி கம்பெனிக்குப் போன் செய்து கத்த, நான் வந்து நின்றேன். தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன், சரி. சோப்பு அளவு, சரி. துளைகளில் அடைப்பு இல்லை. பம்ப்பு புத்தம் புதிது, அதைச் சந்தேகிக்க என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில்தான் முதலாளி கடுகோடு வந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் சொன்ன பதில் இது: "மிஷின் சரியாத்தான் இருக்குது சார். கூடையில தட்ட நெருக்கி அடுக்கறாங்க. அதான்."

சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. உண்மை என்றும் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

முதலாளி தட்டைத் தொட்டியில் போட்டார். "வசந்தா, வர்ற ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாரு. அப்புறம் வூட்டுக்குப் போயிடு. நான் வேற ஆளு வெச்சிக்கறேன்."

அவ்வளவுதான். திரும்பிக் கூடத்துக்குப் போய்விட்டார். மற்ற மூன்று பெண்களும் என்னைப் பார்க்காமல் தட்டுகளைப் பார்த்தார்கள்.

வசந்தாக்கா கையைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லட்டா? இந்தப் படுதா கீதே, முன்னல்லாம் ஆடிகினே இருக்கும். நீ பம்ப்பு மாத்தினதுல இருந்து சும்மா தொங்குது."

"புது பம்ப்புக்கா. அமைதியா ஓடும்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியது

சென்னை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிப் பிரித்தேன். 'சும்மா தொங்குது' என்பது மட்டும் காதிலேயே நின்றது.

தண்ணீர் உள்ளே வேகமாக அடித்தால் படுதா வெளியே தள்ளப்படும், ஆடும். ஆடவில்லை என்றால் வேகம் இல்லை. பெரிய பம்ப்பு போட்டபின் வேகம் ஏறத்தானே வேண்டும், எப்படி இறங்கும்?

விடை தெரிந்தபோது கடலைப் பொட்டலத்தை மடித்துவிட்டேன். மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இந்த வகைப் பம்ப்பு எதிர்ப்பக்கம் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ளும், ஆனால் பாதி வேகத்தில்தான். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். அதற்காகத்தான் பம்ப்பின் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்புக்குறி சுவர்ப் பக்கம் இருந்ததால் நான் எட்டிப் பார்க்கவில்லை.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். "நிறுத்துங்க, எறங்கணும்," என்றேன். "இப்பத்தானய்யா ஏறின," என்று திட்டிக்கொண்டே இறக்கிவிட்டார்.

பின்கட்டில் அப்போது கூட்டம் ஓய்ந்திருந்தது. ஈரத் தரையில் பக்கவாட்டில் படுத்து, மிஷினின் பின்கதவைத் திறந்து, டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தேன். சுவிட்சை ஒரு நொடி போட்டு நிறுத்தினேன். அம்பு ஒரு பக்கம் காட்டியது, மோட்டார் மறுபக்கம் சுற்றி நின்றது.

இரண்டு வயர்களைக் கழற்றி இடம் மாற்ற எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுவிட்சைப் போட்டதும் ரயில் வேறு மாதிரி இரைந்தது. படுதா படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு கூடை அழுக்குத் தட்டுகளை விட்டேன். மறுபக்கம் கண்ணாடியாக வந்தன.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். தட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா பண்ண?"

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட் சார்."

"கெட்டிக்காரன்டா நீ." அவரே குரல் கொடுத்து ஸ்ட்ராங்காக ஒரு காபி வரவழைத்தார். நான் குடித்தேன். காபி பிரமாதமாக இருந்தது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் வேதனை.

வசந்தாக்கா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். படுதாவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இப்ப ஆடுது," என்றார். "ஆமாக்கா," என்றேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை பற்றி முதலாளியும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மல்லிகாவின் கணக்கு

அன்று சென்னை போகாமல் ஆரணியிலேயே இருந்த எங்கள் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மல்லிகாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா கம்பெனிக்கு லெட்டர் போடுவாரு. வேல போனாலும் போவும்."

"அந்தக்காக்குப் போயே போச்சே."

நான் ஒரே குண்டானை மூன்று முறை தேய்த்தேன்.

மறுநாள் காலை, நாஷ்டா முடிந்து சாப்பாடு தொடங்காத பதினோரு மணி வாக்கில் ஓட்டலுக்குப் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். உள்ளே போய்ப் பேசலாமா என்று கேட்டேன். "இங்கியே சொல்லு, யாரு கீறாங்க," என்றார். மேஜை துடைத்துக்கொண்டிருந்த சர்வர்கள் இருந்தார்கள்.

"சார், பம்ப்பு ரிவர்ஸ்ல ஓடிகினு இருந்திச்சி. கனெக்‌ஷன் தப்பா குடுத்தது நான். தட்டு அழுக்கா வந்தது என்னாலதான். படுதா ஆடலன்னு வசந்தாக்கா சொன்னாங்க, அத வெச்சித்தான் எனக்கே தெரிஞ்சிச்சி. கூடைய நெருக்கி அடுக்கறாங்கன்னு நான் சொன்னது தப்பு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நேத்து காபி குடிச்சியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

"அந்தக் காபிய நான் சொல்லிப் போட வெச்சேன்," என்றார். வேறு திட்டு எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்த ஓட்டலில் காபி என்று நான் வாய் திறந்து கேட்டதில்லை.

லெட்டர் போட்டார். மேனேஜர் என்னை நிற்க வைத்து அரை மணி நேரம் கேட்டார். பிறகு ஒரு சிவப்பு பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கையில் கொடுத்து, கம்பெனி விற்ற அத்தனை மிஷின்களிலும், சுவரில் ஒட்டியிருந்தாலும் தெரிகிற மாதிரி, பம்ப்புக்கு அம்புக்குறி போட்டுவிட்டு வா என்று அனுப்பினார். வேலூரிலிருந்து காஞ்சிபுரம் வரை போட்டேன். சட்டையெல்லாம் சிவப்பு. வேலை தப்பியது.

அந்த ரயிலுக்குப் பின்னாளில் ஹீட்டர் மாற்றினோம், சங்கிலி மாற்றினோம், அழுக்கை முன்கூட்டியே அலசும் பகுதி ஒன்றைச் சேர்த்தோம். ஒவ்வொரு தடவையும் வசந்தாக்கா பக்கத்தில் நின்றார். அவர் தலையசைக்காமல் நான் பையை மூடியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலூரில் ஒரு பெரிய கேன்டீனில் புது மிஷின் போட்டபோது, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் கம்பெனி அவரைத்தான் ஒரு வாரம் அழைத்துப் போனது.

கூடத்துக்குள்

ஆனால் அந்தக் காலையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

முதலாளி ஆள் அனுப்பினார். வசந்தாக்கா வந்து, சமையற்கட்டும் கூடமும் சேருகிற வாசற்படியில் நின்றார். பின்கட்டு ஆட்கள் கடை திறந்திருக்கும்போது அந்தப் படியைத் தாண்டுவதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, அப்படியே நடந்துவந்தது.

"உள்ள வாம்மா," என்றார் முதலாளி. வசந்தாக்கா ஈரக் காலை மிதியடியில் துடைத்துவிட்டு வந்தார். முதலாளிக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினார். "தப்பு நடந்து போச்சி. ஞாயித்துக்கெழமைன்னு சொன்னத மறந்துடு."

"எப்டிங்க மறக்கறது? நானு வூட்ல போயி சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரரு நேத்து ராத்திரியே களம்பூரு மில்லுல எனக்கு வேல கேட்டு வெச்சிட்டாரு. திங்கக்கெழமை வரச் சொல்லிகீறாங்க."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகூர்த்தக் கூட்டம் ஓய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"அதெல்லாம் வாணாம். உனக்கு இன்னா வேணும், சொல்லு."

வசந்தாக்கா என்னைக் காட்டினார். "மிஷினு பத்தி நானு சொன்னா இவரும் கேக்கணும், நீங்களும் கேக்கணும். மிஷினோட அந்தப் பின்னால கதவு தொறக்கறது எனக்குக் கத்துத் தரணும்."

"இன்னிக்கே காட்டறேங்கா," என்றேன்.

"சரி. வேற?" என்றார் முதலாளி.

வசந்தாக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். துடைத்த மேஜைகள், மேலே சுற்றும் மின்விசிறிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் மைசூர்பாகு. அதற்குப் பிறகுதான் சொன்னார், கொஞ்சம் சிரித்தாற்போல.

"பதினோரு வருசமா இங்க தட்டு கழுவறேன். இந்தத் தட்டுல ஒரு வாட்டிகூட இங்க குந்தி சாப்ட்டதில்லிங்க."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "குந்தும்மா," என்றார்.

வசந்தாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஏழுமலை என்கிற சர்வர், தோளில் துண்டோடு வந்து, மற்ற வாடிக்கையாளர்களிடம் நிற்பது போலவே நின்றார்.

"இன்னா வேணும்க்கா? இட்லி ரெடியா கீது. பொங்கல் கொஞ்சம் கீது. ஜல்தியா கொண்டாரேன்."

"எல்லாத்துலியும் எதுக்கு ரொம்ப நேரம் ஆவும்?"

ஏழுமலை யோசித்தார். "ரவா ரோஸ்ட்டுக்கா. இப்ப சொன்னா இருவது நிமிசம் ஆவும்."

"அதையே போடச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, வசந்தாக்கா நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.